பதினொன்று பத்துக்கு நீ சொன்னது

ஆலங்குடி,
மார்கழி 19.

என் அன்பு மகள் அன்புச்செல்விக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை அருண்குமாரும் குட்டிப்பயலும் ஜெர்மனிக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வாய்விட்டுச் சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். மழை இந்த வருஷம் நின்று பெய்தது. கிணற்றோரம் இருந்த பழைய தென்னை இரண்டு சாய்ந்துவிட்டன, நீ வைத்த குட்டை மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, குலை தள்ளியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு மாடி ஏறுகிறாள், இறங்கும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறாள், ஏன் என்று கேட்டால் இறங்குவதற்கு எதற்கு என்கிறாள். இதெல்லாம் அவளே போனில் உனக்குச் சொல்லியிருப்பாள். ஒன்றரை மாதமாக நீ அவளிடம் மட்டும்தான் பேசுகிறாய். அவள் பேசும்போது நான் அடுத்த நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு வரியும் படிக்க மாட்டேன்.

கடிதம் எதற்கு, போனில் சொன்னால் என்ன என்று நீ நினைக்கலாம். போனில் ஆரம்பித்தால் நான் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். பேப்பர் என்றால் காரணம் சொல்கிற வரியை அடித்துவிட்டு மேலே எழுதலாம். அதனால் இதில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள். நீ அன்றைக்குச் சொன்னது சரி. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன், அதில் பாதி உனக்குத் தெரியாது, தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று யோசித்து யோசித்தே இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். நம் ஹாம் ரேடியோ செட் தனியாக நூறு வாட்தான் அனுப்பும். டிரைவ் என்கிற அந்தச் சக்தியை வாங்கி மூன்று நான்கு மடங்காக்கி ஏரியலுக்குத் தருகிற பெட்டி அது. பெங்களூரில் காலமான ஒரு பெரியவர் வீட்டிலிருந்து கிடைத்தது, கம்பெனித் தயாரிப்பு, பார்சலில் வந்து இறங்கியபோது இரண்டு ஆள் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். நீ போன வருஷம் சுடிதார் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாயே இரண்டு கண்ணாடி வால்வு, அவைதான் அதற்குள் இருக்கின்றன. முன்பக்கம் ட்யூன் என்று ஒரு திருகு, லோட் என்று ஒரு திருகு, ஒரே ஒரு மீட்டர். மீட்டருக்குக் கீழே ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் பிளேட் கரண்ட்டைக் காட்டும், மறுபக்கம் தள்ளினால் கிரிட் கரண்ட்டைக் காட்டும். முதலாவது, வால்வு எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும். இரண்டாவது, அந்த வேலையை அது தாங்குகிறதா திணறுகிறதா என்று சொல்லும். திணறுகிற வால்வு பேசுகிறவன் குரலைக் கிழித்துப் பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் இறைத்துவிடும். பேசுகிறவனுக்கு அது தெரியாது. அவனோடு பேசுகிறவனும் நல்ல சத்தமாக இருக்கிறது என்றுதான் சொல்வான். பக்கத்து அலைவரிசையில் காது வைத்திருக்கிறவனுக்குத்தான் தகரத்தைக் கருங்கல்லில் போட்டுத் தேய்க்கிற மாதிரி கேட்கும், யார் பேசுகிறார்கள் என்றுகூட அவனுக்குப் புரியாது.

கார்த்திகை முதல் வாரம் அடித்த புயலில் கடலோரம் செல்போன் டவர் எல்லாம் விழுந்துவிட்டது உனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கே நம் மாவட்டத்து ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிவிட்டார்கள். புதுக்கோட்டையில் பேங்கில் வேலை பார்க்கிற செம்மல்தான் கூட்டத்தை நடத்தினார். கோட்டைப்பட்டினத்தில் ரிட்டயர்டு தலைமையாசிரியை ஆரோக்கியம்மாள், பள்ளிக்கூடத்தில் பேட்டரியில் ஒரு சின்ன செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து போன ஒரு படகும் நாலு ஆளும் திரும்பவில்லை. குன்றாண்டார்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிற மதுரைவீரன், உன் கல்யாணத்துக்கு மனைவியோடு வந்து பந்தியில் நின்று பரிமாறினாரே, அவர்தான் நடுவில் இருந்து இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஆம்ப்ளிஃபயர் சொந்தமாகச் செய்தது, காயில் கடை டிரான்ஸ்பார்மரையும் பழைய ஸ்டெபிலைசர் பெட்டியையும் வைத்துக் கட்டியது. நான் வருகிறேன் என்று சொன்னதற்கு செம்மல், சார் நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க, வேணும்னா கூப்புடுறேன் என்றார். சரியான பேச்சுதான் அது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினால் கூட்டம் நடக்காது. எனக்கு ஆனால் உள்ளே சுருக்கென்றது. பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு வருஷம் லேப்பில் நின்றவன் சும்மா உட்கார வேண்டும், பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவர் செய்தி சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியை முதல்முதலாக ஏரியலில் மாட்டினேன். முறைப்படி செய்வதென்றால் முதலில் டம்மி லோடில் மாட்ட வேண்டும், அதாவது அலையை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கிக்கொள்கிற அந்த எண்ணெய் டப்பாவில். கொஞ்சமாகச் சக்தி கொடுத்து, ட்யூனைத் திருப்பிப் பிளேட் கரண்ட் பள்ளத்தில் இறங்கும் இடத்தைப் பிடித்து, லோடைத் திருப்பி வெளியே வருவதைக் கூட்டி, மறுபடியும் பள்ளத்தைப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் சுவிட்சை மறுபக்கம் தள்ளி கிரிட்டைப் பார்த்து, பத்து வினாடிக்கு மேல் போகாமல் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு இதை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நேராக ஏரியலிலேயே மாட்டி, முழுச் சக்தியையும் கொடுத்து, பிளேட் கரண்ட் எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு சுவிட்சைத் தொடவே இல்லை. அந்த மெஷினில் லோட் திருகின் எண்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறது, அதையும் கவனிக்கவில்லை. திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூடி வைத்திருந்தேன். பத்தரை தாண்டி, கூட்டம் நடக்கிற அலைவரிசைக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு கோயம்புத்தூர் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். இடிக்கிற மாதிரி கேட்குது சார் என்றார் அவர். அதைக் கேட்ட சந்தோஷத்தில் புயலைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினேன், அன்பு. அங்கே நாலு உயிரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் இங்கே உட்கார்ந்து என் வால்வின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பத்துக்கு உன் போன் வந்தது. அங்கே விடிந்தும் விடியாத நேரம். உனக்குப் புயல் கவலை, இன்டர்நெட் வழியாக இங்குள்ள ஒரு ரிசீவரைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அப்பா, ஒங்க குரல் ரெண்டு பக்கமும் பரவிக் கெடக்கு, கம்ப்யூட்டர்ல பட்டையாத் தெரியுது. கிரிட் மீட்டர ஒரு தடவ பாருங்கப்பா, டிரைவக் கொறைங்க" என்றாய். நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "நீ பொறக்குறதுக்கு முன்னாடி லைசென்சு வாங்குனவன் நான். ஏழு கடலுக்கு அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் நடத்தாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். யாரு என்று அம்மா மாடிப்படியிலிருந்து கேட்டாள். அன்புதான், கார்த்திகைக்கு வெளக்கு ஏத்துறதப் பத்தி கேட்டுச்சு என்று பொய் சொன்னேன். பிறகு மைக்கை எடுத்து இன்னும் அரைமணி நேரம் பேசினேன்.

அந்த நேரத்தில் நடந்தது இது. காணாமல் போன நாலு பேரும் ராமநாதபுரம் பக்கத்துக் கரையில் பத்திரமாக ஒதுங்கிவிட்டார்கள் என்று பதினோரு மணிக்கு முன்னாலேயே செம்மலுக்குத் தரைவழிப் போனில் தகவல் வந்துவிட்டது. அவர் கோட்டைப்பட்டினத்தைக் கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார், ஆரோக்கியம்மாளுக்கு ஒரே கரகரப்பு. மதுரைவீரன் குறுக்கே வந்து திருப்பிச் சொல்லியும் காதில் விழவில்லை. கரையில் காத்திருந்தவர்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள். பதினொன்று இருபத்தைந்துக்கு மூன்று பேர் ஒரு ஃபைபர் படகை இறக்கித் தேடப் போய்விட்டார்கள். நீ போன் பண்ணிப் பதினைந்து நிமிஷம் கழித்து. பதினொன்று நாற்பதுக்கு இங்கே ஆலங்குடியில் கரண்ட் போனது, என் பெட்டி அணைந்தது. அதே நேரம் செம்மல், சத்தம் மதுரைவீரன் பெட்டியிலிருந்துதான் வருகிறதோ என்று சந்தேகப்பட்டு அவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவரும் உடனே அணைத்திருக்கிறார். சத்தம் நின்றுவிட்டது. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும். ஆரோக்கியம்மாளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, படகைத் திரும்பச் சொல்லி கரையிலிருந்து துணியை ஆட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது கரைக்குப் பக்கத்தில் அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். சேரன் என்று ஒரு பையன், இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, படகுக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டித் தொடை எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது.

சாயங்காலம் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மதுரைவீரன் மேல் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில், பேசிய நேரத்தையெல்லாம் குறித்து வைக்கிற லாக்புக்கைத் திறந்தேன், என் கையெழுத்திலேயே பதினொன்று நாற்பது மின்தடை என்று எழுதியிருந்தது. சத்தம் நின்றதாகச் சொன்ன நேரமும் அதுதான். பிறகு பெட்டியை டம்மி லோடில் மாட்டி, திருகுகளை அசைக்காமல், அதே சக்தியைக் கொடுத்து, சுவிட்சை கிரிட் பக்கம் தள்ளினேன். முள் மறுகோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த அறையில் சின்ன ரிசீவரை வைத்துப் பக்கத்து அலைவரிசையைக் கேட்டேன், என் குரல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை, அப்படி ஒரு கிழிசல். அன்றைக்கே, அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதற்குப் பிறகு நான் செய்தது எதற்கும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

ஒரு வாரம் கழித்து செம்மல் வீட்டில் எல்லாரும் கூடினோம், எட்டுப் பேர் இருந்தோம். சார், நீங்க அந்த நேரத்துல ஆன்ல இருந்தீங்களா என்று செம்மல் வரிசையாக எல்லாரையும் கேட்டமாதிரி என்னையும் கேட்டார். காலையிலேயே மூடிட்டேன் என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை. அத்தோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கம்பெனிப் பொருளுக்கும் கையில் கட்டிய பொருளுக்கும் வித்தியாசம் உண்டு, ஆர்வம் மட்டும் போதாது என்று நாலு பேர் தலையாட்டும்படி பேசினேன். மதுரைவீரன் எழுந்து நின்று, தன்னால் ஒருவர் கால் போய்விட்டது, இனிமேல் அந்தப் பெட்டியைப் போட மாட்டேன் என்று சொல்லி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் அவர் என்னைத்தான் தேடி வந்தார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் தன் பெட்டியைச் சாக்கில் கட்டி, பஸ் மாறி மாறி நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கே தப்பு என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லையாம், உங்களிடம்தான் டம்மி லோடு இருக்கிறது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் சார் என்றார். அம்மா அவருக்குத் தோசை வார்த்துப் போட்டாள். மாடியில் இரண்டு மணி நேரம் பார்த்தோம். அவர் பேச, நான் அடுத்த அறையில் ரிசீவரை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக் கேட்டேன். அவ்வளவு சுத்தம், அன்பு. பக்கத்து அலைவரிசையில் ஊசி விழுந்தால் கேட்கும். உள்ளே வயர் ஒவ்வொன்றையும் மெழுகு நூலால் கட்டியிருந்தார், மோட்டார் காயில் கட்டுகிற மாதிரியே. அறை வாசலில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். நல்லாயிருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய், கொஞ்சம் பிசுறு இருக்கு, எதுக்கும் போடாம இருக்குறது நல்லது என்று சொல்லியது. அவர் பெட்டியை மறுபடியும் சாக்கில் கட்டினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடப் போய்ச் சாக்கைத் தூக்கி வைத்தேன், அதையாவது செய்தேனே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன், பார்.

நாலைந்து நாளில் செம்மல் வேறு எதற்கோ போன் பண்ணியவர், மதுரைவீரன் அந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டாராம், டிரான்ஸ்பார்மரை ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துவிட்டாராம், நல்ல மனுஷன் சார் என்றார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் மத்தியானம் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, சாப்பிட வேண்டாம், சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். உன் போனையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சேரன் காலைப் பற்றியும் கேட்கவில்லை, மதுரைவீரனைப் பற்றியும் கேட்கவில்லை. "அன்பு சொல்லுச்சா? சொல்லியுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய், என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் குன்றாண்டார்கோவில் போய்ட்டு வாங்க என்றாள்.

போனேன். கடையில் அவர் ஒரு போர் மோட்டாரைப் பிரித்து வைத்துச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்க சார் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், நான் உட்காரவில்லை. லாக்புக்கை விரித்து அவர் முன்னால் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை. சுற்று எண்ணுகிறார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்துகொண்டே இருந்தது. சுற்றி முடித்துக் கம்பியை வெட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தேன்ல சார், அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே இருந்த அவர் மனைவி இதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். நான் என் ஆம்ப்ளிஃபயரை அவரே வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொன்ன பிறகுதான் புரிந்தது. எனக்கு வேணாம் சார், நீங்க பொறப்புடுங்க, அடுத்த பஸ்ஸு பதினொன்றரைக்கு என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, மரியாதையும் குறையவில்லை. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது, கோவில் பக்கம் பாறை நிழலில் போய் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக் கூட்டத்தில், பெட்டி இல்லாமல் வெறும் செட்டில், என் லைசென்ஸ் எழுத்தான கால்சைனைச் சொல்லி எல்லாரும் கேட்க லாக்புக்கைப் படித்தேன். எந்த நேரம் பேச ஆரம்பித்தேன், எந்த நேரம் என் மகள் எச்சரித்தாள், எந்த நேரம் கரண்ட் போனது, செம்மல் வீட்டில் என்ன பொய் சொன்னேன், மதுரைவீரன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்பது எந்தத் தேதியிலிருந்து எனக்குத் தெரியும், எல்லாவற்றையும். முடித்துவிட்டு மைக்கை விட்டேன். பிறகு செம்மல், பதிவு பண்ணிக்கிட்டேன் சார் என்று மட்டும் சொன்னார். லைசென்ஸ் ஆபீசுக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை, எது வந்தாலும் சரி.

பிறகு கோட்டைப்பட்டினம் போனேன். ஆரோக்கியம்மாள் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார், அதைக் கேட்டதற்குப் பதில் அவர் நாலு அடி அடித்திருக்கலாம். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் காதுதான் போய்விட்டது என்று பயமாம். அறந்தாங்கியில் காது டாக்டரைப் பார்த்து டெஸ்ட் எடுத்திருக்கிறார். வயசாயிருச்சு, இனிமே செட்ட வேற யாருக்காவது குடுத்துரணும்னு நெனச்சேன் சார் என்றார். ஆக ஒருவர் தன் பெட்டியைச் சந்தேகப்பட்டார், இன்னொருவர் தன் காதைச் சந்தேகப்பட்டார், இரண்டு பேருக்கும் என் பெயர் மனதில் வரவில்லை. அவரே என்னைச் சேரன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். காலில் கம்பி வைத்து, கட்டிலில் படுத்திருந்தான். சித்திரைக்கு முன்னால் கடலுக்குப் போக முடியாதாம். நான் சொன்னது முழுக்க அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. கடலுக்குப் போனா காலு கையி ஒடியத்தான் செய்யும், நீங்க என்னா பண்ணுவீங்க, தண்ணி குடிங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் பெண்டாட்டிக்குப் புரிந்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் அவனை டாக்டரிடம் கூட்டிப் போய் வருவது என்று பேசியிருக்கிறேன், போன வியாழக்கிழமை ஒரு தடவை போய் வந்தாயிற்று. அன்றைக்கும் அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள்.

பெட்டி மாடியில் வயரைப் பிடுங்கி வைத்தபடி இருக்கிறது. சரியாக ட்யூன் பண்ணி அது சுத்தமாக வேலை செய்வதை டம்மி லோடில் பார்த்துவிட்டேன். கிரிட் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை, பத்து நிமிஷ வேலைதான் அது, அன்றைக்கும் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஏரியலில் மாட்டுகிற எண்ணம் இப்போது இல்லை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் ஆபீசில் உனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்ப்பதாக அம்மா சொன்னாள். அதில் யாராவது ஒரு சின்னப் பிள்ளை வந்து நீங்கள் செய்தது தப்பு என்று சொன்னால், நீ பிறப்பதற்கு முன்னால் என்று ஆரம்பிக்கிற பேச்சு உன் வாயில் வரக்கூடாது. என் மகள் என்பதால் வந்தாலும் வரும், அதனால் சொல்கிறேன். குட்டிப்பயல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டேன், பிளக் பாயிண்டுகளுக்கு மூடி போட்டு வை.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைவீரன் கூட்டத்துக்குத் திரும்பி வந்தார். பெட்டி இல்லாமல் சின்ன செட்டில், சத்தம் மெலிசாகத்தான் இருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அவர் செம்மலுக்கு வணக்கம் சொன்னார், ஆரோக்கியம்மாளிடம் காது எப்படி இருக்கு டீச்சர் என்று கேட்டார், சேர்ந்திருந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். நானும் வந்திருக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே பதிவு செய்திருந்தேன், அவருக்கு அது தெரியும். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் விடைபெற்றுப் போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு அணைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உட்காருவேன், அதற்கடுத்த வாரமும். கூப்பிடுகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவன்தானே நான், அன்றைக்கு செம்மல் சொன்னதும் அதைத்தானே.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம். சரி அப்பா என்றும் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால், அப்பாகிட்ட குடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பொங்கலுக்கு அம்மா அதிரசமும் முறுக்கும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள், வந்து சேர்ந்ததும் அவளுக்குத் தகவல் சொல், மறந்துவிடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும். என்னுடையதை இந்தத் தடவை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன், உனக்கு மனம் வருகிறபோது எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சிவசாமி.